விதையிலிருந்து வளர்க்கும் வெப்பமண்டலப் பழமரங்கள்: அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டறியும் வழிமுறை

மா, பலா, பப்பாளி, மங்குஸ்தான், வெண்ணெய்ப்பழம் போன்றவற்றை வீட்டில் விதை ஊன்றி வளர்ப்பவர்கள், கன்றில் ஏதேனும் குறை தென்பட்டவுடன் உரம் இடுகிறார்கள் அல்லது மருந்து தெளிக்கிறார்கள். இளங்கன்றுகளைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சில சமயம் அவையே கன்றைக் கொன்றுவிடுகின்றன. இலையில் தெரியும் குறைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறியைத் தேடி நீங்கள் வந்திருந்தாலும், முதலில் விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணுக்குள் விட்டு ஈரத்தைப் பாருங்கள். தொட்டியைத் தூக்கி அதன் எடையை உணருங்கள். அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். அதன் பிறகு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு, பத்து நாட்களாவது காத்திருங்கள். ஒரே நாளில் இடத்தை மாற்றி, உரமும் இட்டு, நீரின் அளவையும் கூட்டினால், எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று பின்னர் அறிய வழியே இராது.

விதை முளைக்கவே இல்லை

விதை உயிரோடு இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. விதைகளில் உலர்த்திச் சேமிக்கத் தக்கவை ஒரு வகை, உலர்ந்தால் இறந்துவிடுபவை இன்னொரு வகை என்று 1973ஆம் ஆண்டில் விதையியலாளர் இ. எச். ராபர்ட்ஸ் பிரித்துக் காட்டினார். மா, பலா, லிச்சி, ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன், வெண்ணெய்ப்பழம் ஆகியவை அனைத்தும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. காய்கறி விதையைக் காயவைத்து எடுத்துவைக்கும் பழக்கத்தில் இவற்றையும் காயவைப்பதே வீட்டுத் தோட்டங்களில் மிகுதியாக நடக்கும் பிழை. லிச்சி விதையும் ரம்புட்டான் விதையும் பழத்திலிருந்து எடுத்த சில நாட்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். பலாக்கொட்டை சில வாரங்கள் தாங்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் இவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை, ஏனெனில் உலர்ச்சியைத் தாங்காத வெப்பமண்டல விதைகள் பெரும்பாலும் குளிரையும் தாங்குவதில்லை. பழத்தைச் சாப்பிட்ட அன்றே விதையைக் கழுவி ஊன்றுவதுதான் நல்லது. இயலாவிட்டால் ஈரமான தென்னை நார்த்தூளில் புதைத்து, நிழலில் சில நாட்கள் மட்டும் வைத்திருக்கலாம்.

ஐயம் இருந்தால், ஒரே சமயத்தில் ஊன்றிய விதைகளில் ஒன்றைத் தோண்டியெடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உட்பருப்பு கெட்டியாகவும், வெண்மை, இளமஞ்சள் அல்லது இளம்பச்சை நிறத்திலும் இருந்தால் காத்திருப்பதில் பொருள் உண்டு. பழுப்பேறி, சுருங்கி அல்லது கூழாகிப் போயிருந்தால் மற்றவற்றின் நிலையும் பெரும்பாலும் அதுதான். ஒரு விதையை இழப்பது வருத்தமாக இருக்கலாம். ஆனால் இறந்த விதைக்கு மூன்று மாதம் நீர் ஊற்றுவதைவிட அது மேல்.

விதை நல்லபடியாகக் கையாளப்பட்டும் முளைக்காததற்குப் பழமே காரணமாக இருக்கக்கூடும். எல்லை கடந்து வரும் பழங்களைப் பூச்சி ஒழிப்புக்காக வெந்நீரில் மூழ்கவைப்பதும் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதும் உண்டு. நீண்ட நாள் குளிர்கிடங்கில் வைப்பதும் உண்டு. கதிர்வீச்சுக்கு உட்பட்ட விதை, முளைத்தாலும் ஒழுங்காக வளர்வதில்லை. இயன்றவரை மரத்தில் முற்றிப் பழுத்த, இத்தகைய பதப்படுத்தல் எதற்கும் உட்படாத பழத்தின் விதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சீத்தா, முள்சீத்தா, கொய்யா, சப்போட்டா, புளி ஆகியவற்றின் கதை முற்றிலும் வேறு. இவற்றின் விதைகள் காய்ந்தாலும் உயிரோடிருக்கும். ஆனால் கெட்டியான உறையோ உறக்க நிலையோ இருப்பதால் முளைக்கத் தாமதமாகும். சீத்தா விதை ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்வது இயல்பே. விதையின் ஓர் ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறவைத்து ஊன்றினால் காத்திருப்பு ஓரளவு குறையும். கூர்மையான முனையில் கரு அமைந்திருப்பதால் அந்தப் பக்கத்தைத் தேய்க்கக் கூடாது.

பப்பாளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உள்ளன. அதை நீக்காமல் ஊன்றினால் முளைப்பு தாறுமாறாகும். ஒரு சல்லடையில் இட்டு, ஓடும் நீரில் உறை உடைந்து நீங்கும்வரை கசக்கிக் கழுவினால் போதும். பேஷன் பழ விதையைக் கூழோடு இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவிட்டுக் கழுவினால் கூழ் எளிதில் விலகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முளைக்கவில்லையெனில் வெப்பநிலையைப் பாருங்கள். மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது இவ்விதைகள் நன்கு முளைக்கும். 20 டிகிரிக்குக் கீழே சென்றால், முளைப்பதற்கு முன்பே ஈரத்தில் அழுகிப்போகும் வாய்ப்பு அதிகம். குளிரான அறையின் காற்று இதமாகத் தோன்றினாலும், நனைந்த மண் அதைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதால் வெப்பமானியை மண்ணுக்குள் செருகியே அளக்க வேண்டும். மாங்கொட்டையாக இருந்தால், நார் நிறைந்த கெட்டி ஓட்டைக் கவனமாகப் பிளந்து உள்ளிருக்கும் பருப்பை மட்டும் ஊன்றுவது முளைப்பை விரைவுபடுத்தும். உள்ளே வண்டோ, துளையோ, கறுத்த பகுதியோ இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

விதையின் மேல் பூஞ்சை படர்ந்திருக்கிறது

விதையை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், பூஞ்சை மேலே ஒட்டியிருந்த பழச் சதையைத்தான் உண்கிறது. கழுவித் துடைத்துவிட்டு, புதிய ஆற்று மணலிலோ நார்த்தூளிலோ மீண்டும் ஊன்றலாம். அழுத்தும்போது குழைந்தால் அந்த விதை முடிந்தது. மூடிய டப்பாவிலும் ஈரத்துணியிலும் முளைக்க வைப்பவர்கள் தினமும் ஒருமுறை திறந்து காற்றாட விட வேண்டும். துணியைப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது.

வேர் வந்துவிட்டது, தளிர் வரவில்லை

பெரும்பாலும் இது குறையே அல்ல. வெண்ணெய்ப்பழக் கொட்டை முதலில் பிளந்து, கீழே வேரை நீளமாக இறக்கிவிட்டு, சில வாரங்கள் கழித்தே தளிரை மேலே அனுப்பும். மங்குஸ்தானில் இன்னொரு விந்தை உண்டு: முதல் வேர் விதையின் ஒரு முனையிலும் தளிர் எதிர்முனையிலும் தோன்றும், பிறகு தளிரின் அடியிலிருந்து புதிய வேர் ஒன்று கிளம்பிக் கன்றைத் தாங்கத் தொடங்கும். முதல் வேர் மெலிவதைக் கண்டு விதையைக் கிண்டிப் பார்த்தால் இந்த இரண்டாவது வேர் முறிந்துபோகும். எந்த விதையாக இருந்தாலும் அது கெட்டியாக இருக்கும்வரை தொடாமல் விடுவதே சரி. தலைகீழாக ஊன்றியிருக்கலாம் என்று ஐயம் எழுந்தால் மட்டும் மேல்மண்ணை மெல்ல விலக்கிப் பார்க்கலாம். வெண்ணெய்ப்பழத்துக்கு அகன்ற பக்கம் கீழேயும், மாங்கொட்டைக்குப் புடைத்து வளைந்த விளிம்பு மேலேயும் இருக்க வேண்டும்.

ஒரே மாங்கொட்டையிலிருந்து பல கன்றுகள்

இது நற்செய்தி. அந்த ரகம் பல கருக்கள் கொண்டது என்று பொருள். வெள்ளைக்கொளம்பான், ஓலூர் போன்ற ரகங்களின் கொட்டையில் தாய்மரத்தின் திசுவிலிருந்தே தோன்றிய கருக்கள் உள்ளன. அவை தாய்மரத்தின் நகல்களாக வளரும். அல்போன்சா, பங்கனப்பள்ளி போன்றவற்றில் மகரந்தச் சேர்க்கையால் உண்டான ஒரே கருதான் இருக்கும். அதிலிருந்து வரும் மரம் தாயைப் போலக் காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பல கன்றுகள் வந்திருந்தால், ஒவ்வொன்றும் நான்கைந்து முதிர்ந்த இலைகளும் தனி வேரும் பெற்ற பிறகு பிரித்து நடலாம். மெலிந்த கன்றே மகரந்தத்தால் வந்தது என்று பலர் அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையாக இருந்தாலும் உறுதியான விதி அல்ல. இடம் இருந்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம்.

வித்திலைகள் விதையுறைக்குள் சிக்கிக்கொண்டன

சீத்தாவிலும் முள்சீத்தாவிலும் இது அடிக்கடி நிகழும். தண்டு நிமிர்ந்துவிட்டாலும் உறை கழலாமல், விதைக்குள்ளிருந்து முதலில் வரும் இலைகளான வித்திலைகளை இறுக்கிப் பிடித்திருக்கும். அப்படியே விட்டால் உள்ளேயே அவை அழுகும். உடனே பிடித்து இழுத்தால் குருத்து முறியும். நனைத்த பஞ்சைச் சில மணி நேரம் உறையின் மேல் சுற்றி வைத்து, உறை மென்மையானதும் ஊசி முனையால் அதன் விளிம்பை மெல்ல விரித்துக்கொடுத்தால் மீதியைக் கன்றே செய்துகொள்ளும். அடுத்த முறை ஊன்றும்போது இரண்டு சென்டிமீட்டர் ஆழம் வைத்தால், நாற்று மண்ணை உரசிக்கொண்டு மேலெழும்போதே உறை கழன்றுவிடும்.

நாற்று மண்மட்டத்தில் மெலிந்து சாய்கிறது

இரவில் நன்றாக இருந்த பப்பாளி நாற்று காலையில் தரையோடு படுத்திருக்கும். தண்டின் அடிப்பகுதி நீர் கோத்தது போலாகி நூல்போல மெலிந்திருக்கும். இதுவே நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா முதலிய மண்வாழ் நோய்க்கிருமிகள் இதற்குக் காரணம். சாய்ந்துவிட்ட நாற்றைக் காப்பாற்ற இயலாது என்பதை ஏற்றுக்கொண்டு, அதையும் சுற்றியுள்ள மண்ணையும் அகற்றிவிட்டு, மற்றவற்றைக் காக்க முனைய வேண்டும். மேல்மண் உலரும்வரை நீரை நிறுத்துங்கள். மூடியிருந்தால் திறந்து விடுங்கள். நெருக்கமாக வளர்ந்திருந்தால் கலைத்து விடுங்கள். நாற்றுத்தட்டைக் காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி போன்ற உயிர்ப்பூஞ்சைக் கலவையை ஊன்றும் முன்பே மண்ணில் சேர்த்தால் பயன் உண்டு. நோய் வந்த பிறகு இட்டால் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. பழைய தொட்டி மண்ணைத் திரும்பப் பயன்படுத்துவதும், நாற்றங்கால் கலவையில் மட்காத சாணத்தைச் சேர்ப்பதும் இந்நோயை வலிந்து அழைப்பதாகும்.

நாற்று முழு வெண்மையாக வருகிறது

மா, எலுமிச்சை, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றில் அரிதாகப் பச்சையமே இல்லாத நாற்று தோன்றும். இது பிறவிக் குறை. விதையில் சேமித்துள்ள உணவு தீரும்வரை வளர்ந்துவிட்டுப் பின் மடியும். இரும்புச் சத்தோ உரமோ எதுவும் அதை மாற்றாது.

தண்டு நெடுநெடுவென்று நீண்டு சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. சன்னல் ஓரத்தில் வளரும் கன்றுகள் ஒருபக்கமாக வளைவதும் இதனால்தான். கன்றைப் படிப்படியாக வெளிச்சத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். தக்காளி நாற்றைப் போலத் தண்டைக் கூடுதல் ஆழத்தில் புதைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம். பப்பாளியின் மென்மையான தண்டு மண்ணுக்குள் அழுகிவிடும், மற்றவையும் அதை விரும்புவதில்லை.

புதுக்கொழுந்து சிவந்து, துவண்டு தொங்குகிறது

மா, லிச்சி, ரம்புட்டான், கொக்கோ ஆகியவற்றில் இது முற்றிலும் இயல்பானது. கொழுந்து சிவப்பாகவோ செம்பு நிறமாகவோ தோன்றித் தொங்கி, சில வாரங்களில் பச்சையேறி விறைக்கும். அச்சிவப்பு இளந்திசுவைக் கடும் ஒளியிலிருந்து காக்க உதவுகிறது. துவண்டிருக்கிறதே என்று இக்காலத்தில் நீரைக் கூட்டுவதால்தான் பல மாங்கன்றுகள் வேரழுகலுக்கு உள்ளாகின்றன. முதிர்ந்த பழைய இலைகள் விறைப்பாக இருந்தால் கன்றுக்கு நீர்ப்பஞ்சம் இல்லை என்று கொள்க.

மண் ஈரமாக இருந்தும் இலை வாடுகிறது

இந்த அறிகுறியைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டால், மற்ற பாதிக் குறைகள் வராமலே தடுக்கலாம். வாடல் என்றால் தாகம் என்று நம் மனம் பழகிவிட்டது. ஆனால் நீர் தேங்கிய மண்ணில் காற்று இருப்பதில்லை. காற்று இல்லாத இடத்தில் வேர் மூச்சுத் திணறி இறக்கிறது. இறந்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால், நீருக்கு நடுவிலேயே இலை வாடுகிறது. அப்போது இன்னும் நீர் ஊற்றினால் எஞ்சிய வேர்களும் போகும். வெண்ணெய்ப்பழமும் பப்பாளியும் இதற்கு மிக எளிதில் இரையாகின்றன. இவற்றின் வேரைத் தாக்கும் பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி, தேங்கிய நீரில்தான் நீந்திப் பரவுகிறது.

தொட்டியைச் சாய்த்து, மண்கட்டி உடையாதபடி கன்றை வெளியே எடுத்துப் பாருங்கள். வேர் நுனிகள் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ கெட்டியாக இருந்தால் குறை வேறு எங்கோ இருக்கிறது. பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று உள்நரம்பு மட்டும் மிஞ்சினால், நாற்றமும் வீசினால், அது வேரழுகலே. அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தரியால் நீக்கி, பெருமணல் அதிகம் கலந்த புதிய கலவையில், முன்பிருந்ததைவிடச் சிறிய தொட்டியில் நட்டு, நிழலில் வைக்க வேண்டும். மேல் இரண்டு சென்டிமீட்டர் மண் உலர்ந்த பிறகே அடுத்த நீர். பாதிக்கு மேல் வேர் எஞ்சியிருந்தால் மீளும் வாய்ப்பு உண்டு. தண்டின் அடியே கறுத்துவிட்டால் கன்று மீள்வதில்லை.

தொட்டியின் அளவைப் பற்றி ஒரு கருத்து. சிறு கன்றை அகன்ற பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஆனால் மா, பலா, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றுக்கு ஆணிவேர் விரைவில் ஆழமாக இறங்குவதால், ஆழம் குறைந்த தொட்டியில் அது சுருண்டுகொள்ளும். குறுகலாகவும் ஆழமாகவும் உள்ள பையோ தொட்டியோ இவ்விரண்டுக்கும் விடை.

இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

பழைய இலைகளின் நுனியிலிருந்து பழுப்பு உள்நோக்கிப் பரவினால், மண்ணில் உப்பு சேர்ந்திருக்கிறது. தொட்டியின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெண்படிவம் இருந்தால் ஐயமே வேண்டாம். உப்புநீர், மிகையான உரம், கழுவாத தென்னை நார்த்தூள் ஆகிய மூன்றும் முக்கியக் காரணங்கள். நார்த்தூளில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருப்பதால், பயன்படுத்தும் முன் இரண்டு மூன்று முறை நீர் மாற்றி ஊறவைத்துப் பிழிய வேண்டும். தீர்வாக, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல நீரை, முடிந்தால் மழைநீரை, மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். கருகிய பகுதி மீண்டும் பச்சையாகாது. அடுத்து வரும் இலைகளைக் கொண்டே முன்னேற்றத்தை அறிய வேண்டும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதில்தான் விடை இருக்கிறது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு கைப்பிடி போதும். முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறை. அதே தோற்றம் நுனிக்கொழுந்தில் தெரிந்தால் இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இருந்தும், காரத்தன்மை மிகுதியால் வேருக்குக் கிடைக்காமல் போவதே இதன் வழக்கமான காரணம். எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) இதற்கு மருந்தல்ல. கடையில் கிடைக்கும் இரும்பு உரங்களில், இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் பொருளைப் பொறுத்து வகைகள் உண்டு. கார மண்ணில் ஈடிடிஏ (EDTA) வகை இரும்பு விரைவில் பயனற்றுப்போவதால், ஈடிடிஎச்ஏ (EDDHA) வகையைத் தேடி வாங்க வேண்டும். மேலும் கீழும் ஒன்றாக மஞ்சளானால் உரத்தைத் தொடாமல், ‘மண் ஈரமாக இருந்தும் இலை வாடுகிறது’ என்னும் பகுதியில் சொன்னபடி வேரைப் பாருங்கள்.

வெளியே வைத்ததும் இலையில் வெளிறிய திட்டுகள்

வெயிலால் வெந்த இலை அது. வீட்டுக்குள் வளர்ந்த இலை நேர்வெயிலைத் தாங்காது. பத்துப் பதினைந்து நாட்களில், காலை வெயிலில் தொடங்கி நேரத்தைக் கூட்டிப் பழக்க வேண்டும். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் கன்றுகளுக்குத் தொடக்க ஆண்டுகளில் நிழல்வலை வேண்டும். பப்பாளிக்கும் கொய்யாவுக்கும் முழு வெயிலே உகந்தது.

பல வாரங்களாக வளர்ச்சியே இல்லை

மா, லிச்சி, வெண்ணெய்ப்பழம் ஆகியவை அலை அலையாகத் துளிர்க்கும் இயல்புடையவை. ஒரு துளிர்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கன்று வெளிப்பார்வைக்கு அசையாமல் நின்று வேரை வளர்த்துக்கொள்ளும். நுனிமொட்டு பசுமையாகவும் கெட்டியாகவும் இருந்தால் பொறுத்திருங்கள். மங்குஸ்தான் இயல்பாகவே மிக மெதுவாக வளரும், வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போனால் இன்னும் மந்தமாகும். அடித்துளையில் வேர் எட்டிப்பார்த்தால் மட்டும் தொட்டியை மாற்றலாம்.

இலையில் புள்ளி, சுருட்டை, பிசுபிசுப்பு

இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுண்ணிய வெளிர்ப்புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் சிலந்திப்பேன். உலர்ந்த காற்றில் பெருகும் இதனை, சில நாட்களுக்கு ஒருமுறை இலைகளின் அடிப்பக்கத்தை நீர் பீய்ச்சிக் கழுவுவதாலேயே பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் மாவுப்பூச்சி, செதிள்பூச்சி அல்லது அசுவினி. துணியால் துடைத்து, சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெயை மாலையில் தெளிக்கலாம். இளங்கொழுந்தில் தெளித்தால் அதுவே கருகக்கூடும் என்பதால் முதலில் ஓர் இலையில் சோதிக்க வேண்டும். ஈரக்காலத்தில் மாங்கொழுந்தில் வரும் கரும்புள்ளிகள் ஆந்த்ரக்னோஸ் நோய். இலை நனையாமல் நீர் ஊற்றுவதே முதல் மருந்து.

மரம் வளர்ந்தும் காய்க்கவில்லை

வயதைக் கணக்கிடுங்கள். விதைக்கன்றுக்கு இளமைப் பருவம் முடியாமல் பூ வராது. பப்பாளி ஓராண்டுக்குள் காய்த்துவிடும். கொய்யா இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். மாவுக்கு ஐந்து முதல் எட்டு, மங்குஸ்தானுக்கும் வெண்ணெய்ப்பழத்துக்கும் பத்தாண்டுகள் வரை ஆவதும் உண்டு. அவ்வளவு காலம் பொறுக்க இயலாதவர்கள், தண்டு பென்சில் பருமன் அடைந்ததும் காய்த்த மரத்தின் குச்சியை அதில் ஒட்டுக்கட்டிவிடலாம்.

பூத்தும் காய்க்காவிட்டால் பாலினத்தைப் பாருங்கள். ரம்புட்டான் விதைக்கன்றுகளில் ஆண் மரங்களும் வரும். பப்பாளியில் ஆண், பெண், இருபால் என மூன்று உண்டு. இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்த பழத்தின் விதைகளில், இருபால் இரண்டுக்குப் பெண் ஒன்று என்னும் விகிதம் கிடைக்கும், ஆண் வராது. ஆண் மரத்தின் மகரந்தத்தால் பெண் மரத்தில் காய்த்த பழத்தின் விதைகளில் பாதி ஆணாகும். பூக்கும்வரை வேறுபாடு தெரியாது என்பதால், ஒரு குழிக்கு மூன்று கன்றுகள் வைத்து, பூ வந்த பின் வேண்டாதவற்றை நீக்குவதே நடைமுறை. சீத்தாவில் ஆண்பகுதியும் பெண்பகுதியும் ஒரே பூவில்தான் உள்ளன, ஆனால் பெண்பகுதி முதலில் முதிர்ந்து, பிறகே மகரந்தம் வெளிப்படுகிறது. ஆகவே நன்கு விரிந்த பூவிலிருந்து மென்தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, பாதி விரிந்த வேறொரு பூவின் நடுவில் தடவினால் காய் பிடிக்கும்.